கைத்துப்பாக்கிக்கு ஒரு ரசீது

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கைத்துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்தவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்பா வாரம் ஒருநாள் அகரம் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை தாடிக்கொம்பு சாலையில் இரண்டு பேர் வண்டியை மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி லைசென்ஸ் எடுத்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான கறுப்புப் பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்தார்.

அது கடைசிவரை ஒரு திருடனைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குக் கிடைத்த வாழ்க்கை முழுவதும் துடைக்கப்படுவதிலேயே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முன்னறையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். எதிர்ச் சுவரோரம் எனக்கு இடம். அங்கிருந்து ஓர் அங்குலம் நகர்ந்தாலும் எழுந்து உள்ளே போக வேண்டும். முதலில் தோட்டா அடுக்கும் மேகசினை உருவுவார். பிறகு மேற்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா எதுவும் தங்கியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அது போதாது என்று விரலாலும் தடவிப் பார்ப்பார்.

“உள்ள தோட்டா இருக்குன்னு நெனச்சுத்தான் தொடணும் பாப்பா. இல்லன்னு நெனச்சுத் தொட்டவன்தான் மாட்டிக்கிருவான்” என்பார், ஏதோ நானும் அடுத்த மாதம் ஒன்று வாங்கப்போகிறவள் மாதிரி.

குழலுக்குள் சின்ன பிரஷ், பழைய பனியன் துணி, நாலு சொட்டு எண்ணெய். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டும், குறைந்தால் துருப்பிடிக்கும். கறிக்குழம்பு கொதிக்கிற அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “அந்தக் கிரைண்டரும் ஒரு வருசமா கீச்சு கீச்சுன்னு கத்துது. அதுக்கு ஒரு சொட்டு விடக் கை வருதா பாரு” என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே தோட்டாக்களை எண்ணித் தனி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவார். துப்பாக்கி ஒரு பீரோவில், டப்பா இன்னொரு பீரோவில். மண்டிக்கு விடியுமுன் போய்விட்டு நான் தூங்கியபின் வருகிற மனிதர் அவர். எனக்கு அப்பா கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் மழை விடாமல் பெய்து, கிட்டங்கியில் இருந்த வெங்காயம் மொத்தமும் அழுகிப்போனது. மண்டியில் பாதிப் பங்கு போட்டிருந்த கூட்டாளி கையை விரித்துவிட்டார். மண்டியை மூடினார்கள். கொண்டுபோகப் பணமும் இல்லை, மறிக்கக் கள்ளனும் இல்லை, துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே இருந்தது. அப்பாவும் வீட்டிலேயே இருந்தார்.

எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. ஞாயிறு மட்டும் துடைத்தவர் இப்போது தினமும் துடைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செய்தித்தாள் விரித்திருக்கும், நான் என் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்பா அதிகம் பேசவில்லை. துடைத்ததையே மறுபடி துடைத்தார். தோட்டாக்கள் பிஸ்கட் டப்பாவுக்குப் போவது நின்று, துப்பாக்கியை வைக்கிற பையிலேயே அதோடு கிடந்தன. இன்சூரன்ஸ் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா கிரைண்டரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்பாவுக்குப் போன் வந்தது. எந்தக் கட்சி எந்தச் சின்னத்தில் நிற்கிறது என்று தெரியாத அம்மா, அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“என்னைக்குக் குடுக்கணுமாம்?”

“இன்னும் ஒரு வாரம் இருக்கு.”

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இப்பவே போவோம், நானும் வாரேன்.”

போலீஸ் ஸ்டேஷன் வாசலைத் தாண்டாத அம்மா அன்று அப்பாவோடு வண்டியில் ஏறிப் போனாள். திரும்பி வந்ததும், சட்டைப் பையில் இருந்தால் துவைக்கையில் போய்விடும் என்று சொல்லி ரசீதை வாங்கி, அப்பா கைகால் கழுவப் போனதும் லூர்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதை மாதாவிடம் கொடுத்து வைப்பது போலத்தான் இருந்தது.

தேர்தல் முடிந்தது. ஒரு வாரம் கழித்து அப்பா ரசீதைக் கேட்டார். அம்மா, “எங்க வச்சேன்னு தெரியலையே” என்றாள். இரண்டு நாள் வீடு தலைகீழாகப் புரண்டது. இடம் தெரிந்தும், அம்மா கண்ணை உருட்டியதால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷமே இல்லை. துப்பாக்கி வந்தால்தானே செய்தித்தாள் விரியும், அப்பா உட்காருவார்? முந்தின மாதம் மண்டி பில் புத்தகத்தைக் கிழித்து ராக்கெட் விட்டவள் நான் என்பதால் மூன்றாம் நாள் விசாரணை என்னிடம் வந்தது.

“ஏ புள்ள, நீ எடுத்தியா?”

“இல்லப்பா.”

ஓர் அறை விழுந்தது.

“அம்மாதான் மாதா படத்துக்குப் பின்னாடி வச்சாங்க!”

அம்மா மேல் பழி போட்டதற்கு இன்னோர் அறை. பிறகு ஒரு சந்தேகத்தில் படத்தை நகர்த்திப் பார்த்தார். ரசீது கீழே விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அம்மாவுக்கும் இரண்டு விழும் என்று நான் கன்னத்தைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன். உண்மையைச் சொன்னால் அதைப் பார்க்கத்தான் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரசீதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏன் ஒளிச்ச?”

“அது இங்க வர வேணாம்.”

“சும்மா தொடச்சு வைக்கத்தான கேக்குறேன்.”

“தொடைக்கிறப்ப உங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன்” என்றாள் அம்மா. பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

அப்பா அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரசீதை அவள் கையிலேயே வைத்து, “நீயே வச்சுக்க” என்றார். மறுமாதம் இன்னொருவர் மண்டியில் கணக்கெழுதப் போனார். அப்புறம் ஒருநாள் இருவரும் சேர்ந்துபோய் துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து எடுத்து, நேரே லைசென்ஸ் உள்ள கடையில் விற்றுவிட்டு வந்தார்கள்.

எனக்குக் கோபம் தீரப் பல நாள் ஆனது. ஒளித்தவளுக்கு ஓர் அடியும் இல்லை, ஒளிக்காத எனக்கு இரண்டு. அதிலும் அம்மா சொன்ன காரணம் எனக்கு விளங்கவே இல்லை. துடைக்கையில் மூஞ்சியில் என்ன இருக்கும்? அவளாவது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள். நான் தினமும் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். நான் துப்பாக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.