நகத்தில் தட்டிய கீறல்

கோவிலூர்ச் சாலையில் இருக்கும் செம்மலையின் பட்டறைக்கு அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முப்பத்தெட்டு வருடம் ஓடிய வண்டி. முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. கீழச்சிவல்பட்டி முருகப்பன் வீட்டுக் கார் அது. பங்குனியில் அதன் பிரேக்கைப் பிரித்து மாட்டியவர் செம்மலைதான்.

இரண்டு நாளைக்கு முன் சாயங்காலம், வழியில் பள்ளிக்கூட வேன் நின்று பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் பெரியகருப்பன் வண்டியைப் புளியமரத்தில் திருப்பிவிட்டார். அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பின்சீட்டில் இருந்த முருகப்பனின் மனைவி தேனம்மை ஆச்சிக்கு நெற்றியில் நாலு தையல்.

"தூங்கிட்டான், செம்மலை. இப்பப் பழியைப் பிரேக் மேல போடுறான்" என்றார் முருகப்பன். "அன்னைக்கே அங்குட்டுப் போயி நான் மிதிச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

"செத்த இருங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

பிரேக் ஆயில் குறையவில்லை. அடியில் படுத்து, டார்ச் அடித்து, குழாய்களையும் நாலு சக்கரங்களையும் தடவிப் பார்த்தார். எங்கும் கசிவில்லை. ஏறி உட்கார்ந்து ஓங்கி மிதித்தார். பெடல் கல்லாகத்தான் நின்றது.

ஆனால் தூரத்தில் வேனைப் பார்த்தவன் ஓங்கியா மிதிப்பான்? செம்மலை காலை மெல்ல வைத்து அழுத்தி, அப்படியே பிடித்திருந்தார். பெடல் சேற்றில் புதைவதுபோல் இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.

"அண்ணே, நீங்க உக்காருங்க. ஓங்கி மிதிக்காதீக. மெதுவா மிதிச்சுக்கிட்டே இருங்க."

முருகப்பனின் கால் கீழே போனது. அவர் வண்டியை விட்டு இறங்கினார்.

ஆயில் ஒழுகாமல் பெடல் இறங்கினால் கோளாறு, ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேதான். அதிலுள்ள ரப்பர் வாஷர் கெட்டால் ஒரு சமயம் ஆயிலைத் தாங்கும், ஒரு சமயம் விட்டுவிடும். செம்மலை சிலிண்டரைக் கழற்றினார். வாஷரின் விளிம்பு அறுந்திருந்தது. சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். நகத்தில் ஒரு கீறல் தட்டியது.

வாஷரை அறுத்தது அந்தக் கீறல்தான். அதை அவருக்கு முன்பே தெரியும். பங்குனியில் சிலிண்டரையே மாற்றியிருக்க வேண்டும். புதுசு மதுரையிலிருந்து வரவேண்டும்; முருகப்பனுக்கோ மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தார். கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

'பழைய வண்டிண்ணே, தேஞ்சுபோச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியகருப்பனும் தப்பிப்பார், தானும் தப்பிக்கலாம். அதைச் சொல்லத்தான் செம்மலை வாயைத் திறந்தார்.

"பெரியகருப்பன் தூங்கலைண்ணே. பிரேக்தான் போயிருச்சு. அதுக்குக் காரணம் நான்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

முருகப்பன் சிலிண்டரை வாங்கி அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உன்னை நம்பித்தானப்பா ஆச்சியை அதுல ஏத்திவிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பட்டறைப் பக்கம் வரவில்லை.

செம்மலை கையைக் கழுவிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். டிரைவர் மேல் போட்டிருந்த வழக்கு பின்னால் செம்மலை பக்கம் திரும்பியது. அன்றைக்கு அதை நினைக்க அவருக்கு நேரமில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பெரியகருப்பனின் மனைவி அக்கம்மாள் கட்டிலருகே இருந்தாள். செம்மலை சொல்லி முடித்ததும், "இந்தக் காலைப் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியகருப்பன் மேலே பார்த்தபடியே படுத்திருந்தார்.

"மூணு தடவை மிதிச்சேன்" என்றார். "தூங்கிட்டே, தூங்கிட்டேன்னு எல்லாரும் சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. ஒருவேளை கண்ணசந்துட்டமோன்னு." பிறகு தலையைத் திருப்பி, "முதலாளிகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்."

பெரியகருப்பனின் கண்ணிலிருந்து நீர் காதோரமாக வழிந்தது. துடைத்துவிட அக்கம்மாள் எழுந்தாள். செம்மலைக்குப் போகவும் தோன்றவில்லை, உட்காரவும் துணிவில்லை. கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றிருந்தார்.