தேடினால் வராத கிரைண்டர் கடை

எங்கள் கடை காணாமல் போனது எனக்குத் தெரிந்தபோது வாயில் பல்பசை நுரை. காலையில் எழுந்ததும் போனில் 'கோயம்புத்தூர் கிரைண்டர்' என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு துக்க அலைச்சலில் சில வாரம் விட்டுப்போய், அன்றுதான் மறுபடி தேடினேன். எங்கள் வெப்சைட் முதல் பக்கத்திலேயே வரும். நான் கட்டிய சைட், கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். அன்று முதல் பக்கத்தில் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் இல்லை. எங்குமே இல்லை. உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது பெரியப்பா மகனின் கடை.

வாய் கொப்பளிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவன்தான்.

சும்மா சொல்லவில்லை. துடியலூரில் ஒரே ரோட்டில் எதிரெதிரே இரண்டு கிரைண்டர் பட்டறைகள். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று பெரியப்பாவுடையது. பாகம் பிரித்ததில் முறைத்துக்கொண்டவர்கள், நான் காலேஜ் முடித்த பிறகும் பேசவே இல்லை. போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். எழவு வீட்டில் பெரியப்பா மகன், அந்த அண்ணன், அப்பாவின் கையைப் பிடித்து, "இனி எனக்கு நீங்கதானுங்க சித்தப்பா" என்று அழுதான். அதிலிருந்து சாயந்திரமானால் அப்பா ரோட்டைத் தாண்டிப் போய் அங்கே டீ குடிக்கிறார். தன் அண்ணன் வீட்டு உறவு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டில் பாட்டெல்லாம் பாடுகிறார். எனக்கு அந்த அழுகை மேலேயே டவுட். பட்டறை அவன் கைக்கு வருகிறது, எங்கள் சைட் மறைகிறது. எப்படி?

தேட ஆரம்பித்தேன். முழு முகவரியையும் அடித்தால் சைட் திறக்கிறது. ஆக, சாகவில்லை. கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் மட்டும் வரவில்லை. அப்பாவின் போனில் பார்த்தேன், அதே கதை. யாரோ பொய்ப் புகார் கொடுத்துத் தேடலிலிருந்து தூக்கவைத்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, எழவு வீட்டில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் என்னிடம், "சைட்டு நீயேதான் பாத்துக்கறயா அம்மணி?" என்று கேட்டது. அப்பனைப் பறிகொடுத்தவன் கேட்கிற கேள்வியா அது?

பட்டறைக்குப் போனால் அப்பாவே ஆரம்பித்தார். "ஏங் கண்ணு, கொஞ்ச நாளா ஆர்டரு கேட்டு ஒரு போனும் வரக் காணோமே?"

சொல்லிவிட்டேன். யாரென்றும் சொன்னேன். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. எண்ணெய்க் கையைத் துடைத்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"எங்கீங்கப்பா?"

"கையப் புடிச்சு அழுதானல்லோ. மூஞ்சிக்கு நேரா கேட்டுப்போட்டு வாரேன்."

அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அந்த வீட்டு டீ இல்லை. பாட்டும் இல்லை. "இருங்கப்பா, கையில ஆதாரத்தோட போங்க" என்று ஆபீஸ் ரூமுக்கு ஓடினேன்.

சைட்டின் உள்பக்கத்தைத் திறந்து செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஓரிடத்தில் ஒரு சின்னக் கட்டம். தேடல்களில் இந்த சைட்டைக் காட்ட வேண்டாம் என்று அர்த்தம். அதில் அழகாக ஒரு டிக். பாஸ்வேர்டு வேண்டுமே, அவனுக்கு எப்படிக் கிடைத்தது?

"இங்க யாராச்சும் வந்தாங்களாக்கா? இந்த டிக்க யாரு போட்டது?" என்று கத்தினேன். பக்கத்து மேஜையில் பில் அடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் அக்கா எட்டிப் பார்த்தார். சைட்டில் போட்டோ ஏற்ற அவருக்குப் பழக்கிவிட்டிருந்தேன்.

"அதுங்களா அம்மணி? நாந்தானுங்க போட்டேன்."

"ஏனுங்க்கா?"

"பெரியவரு எறந்த அன்னிக்கு ஐயா சொன்னாருங்களே. பங்காளி ஊட்டு எழவு, கருமாதி முடியற வரைக்கும் யாவாரம் ஆகாது, எல்லாத்தையும் சாத்திப்போடுன்னு. ஷட்டர எறக்கிட்டு, நெட்டுலயும் கடை தொறந்திருக்குதேன்னு பாத்தனுங்க. சைட்ட மூடத் தெரியல. தேடறவங்க கண்ணுல படாம வெக்கறதுக்கு இந்தக் கட்டம் இருந்துச்சு."

சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்ற அப்பா, "கருமாதி முடிஞ்சு தொறந்தமே, இத ஏந் தொறக்கல?" என்றார்.

"ஷட்டரத் தொறக்கச் சொன்னீங்க. இதச் சொல்லலீங்களே!"

டிக் போட்ட அன்றே சைட் மறைந்துவிடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயங்கள் தேடலிலிருந்து மெதுவாகத்தான் கழன்று விழும். திரும்பி வருவதற்கும் அதே மெதுவுதான். நான் டிக்கை எடுத்தேன்.

"காலேஜுல இதைத்தான் படிச்சயாக்கு? டீ குடிக்கற எடத்துல சண்டையிழுத்து உட்டிருப்பயே, மகராசி!" அப்பா சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். சட்டையைத்தான் போட்டாகிவிட்டதே.

திரும்பி வந்தவர் சொன்னார்: "அவன் பத்து நாளாப் பாத்துட்டே இருக்கறானாமா. நெட்டுல சித்தப்பா கடை காணோமே, மூடிப்போட்டாங்களோ, கேட்டா மனசு சங்கடப்படுவாங்களோன்னு வாய மூடிட்டு இருந்தானாமா. நல்ல பையன்."

"இருங்கப்பா. அவன் எதுக்குங்க தினமும் நம்ம கடையத் தேடறான்?"

"நீ எதுக்கு அவன் கடையத் தேடறே?" என்று கேட்டுவிட்டு, அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நான் தேடியது எங்கள் கடையை. அவன் கடை உச்சியில் வந்தால் நான் என்ன செய்வது?