மேர்வினின் இருபது முகப் பகடை

என் கணவர் மேர்வின் அலுவிகாரையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். ஆணியும் பெயிண்டும் விற்ற நேரம் போக அவருக்கு ஒரே பைத்தியம்தான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வாள்வீரன் என்று ஆளுக்கொரு வேடம் எடுக்க வேண்டும். இவர் கதை சொல்வார். அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். இருபது விழுந்தால் ராஜயோகம்.

கூட ஆடியவர்கள் ஒவ்வொருவராகக் கட்டார், ருமேனியா என்று போய்விட்டார்கள். மிஞ்சியவன் பல்லேபொலயிலிருந்து வரும் இந்திரகுமார் மட்டும். அவனும் விசாவுக்குக் காத்திருந்தான். புது ஆட்கள் வராவிட்டால் ஆட்டம் இதோடு முடிந்தது என்று மேர்வின் சோறு இறங்காமல் திரிந்தார்.

பங்குத் தந்தையிடம் கேட்டுச் சனிக்கிழமைகளில் மாதா கோவில் மண்டபத்தை வாங்கினார். வாசலில் ‘பகடை விளையாட்டு’ என்று எழுதித் தொங்கவிட்டார். த்ரீவீல்காரர்கள் வந்து பந்தயம் எவ்வளவு என்று கேட்டார்கள். அதைக் கிழித்துவிட்டு ‘பூதங்களோடு ஒரு பயணம்’ என்று எழுதினார். செபக்குழுப் பெண்கள் வந்து இவர் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக, ‘வேடம் ஏற்றுக் கதை நடத்த ஆட்கள் தேவை’. அதையும் பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலத்தில் போய்த் தொங்கவிட்டார். என்னைக் கேட்டு இந்த மனிதர் என்றைக்கு ஒரு காரியம் செய்திருக்கிறார்?

அந்தச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. பகடைகளைப் பரப்பிவைத்து, யாருக்கு என்ன வேடம் வேண்டும் என்று கேட்டார். டொறீன் அக்கா எழுந்தார்.

“மாதாவா நான் நிக்கிறேன் தம்பி. போன தடவையும் நான்தான் நின்னேன்.”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகம் எங்கள் பங்கில் நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குத்தான் ஆள் எடுக்கிறார் என்று வந்திருக்கிறார்கள். யாராவது தொடங்குவார்கள் என்ற நம்பிக்கையில் கிறிஸ்தோபர் மாமா இயேசுவாக நிற்க டிசம்பர் நத்தாரிலிருந்தே தாடி வளர்த்து வந்தாராம். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் மேர்வினை ஓரமாக இழுத்தேன்.

“எப்புடி சொல்றது ஷெனாலி? அந்த மனுசன் தாடியோட வந்து நிக்கிறாரு.”

அவ்வளவுதான். சனிக்கிழமைகள் ஒத்திகையாகிவிட்டன. இந்திரகுமாருக்குப் போர்வீரன் வேடம் கிடைத்தது. கூடவே விசாவும் கிடைத்தது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் பயணம். மேர்வின் தெர்மாகோலில் கல்லறை செய்துகொண்டிருந்தார்.

பெரிய வெள்ளியன்று, சிலுவையின் கீழே இயேசுவின் அங்கிக்காகப் போர்வீரர்கள் பகடை உருட்டும் காட்சி வந்தது. வேறு பகடை இல்லாததால் மேர்வின் தன்னுடையதையே கொடுத்திருந்தார். இந்திரகுமார் உருட்டினான். குனிந்து பார்த்தவன் நிமிர்ந்து மேடையோரத்தில் நின்ற மேர்வினுக்கு இரு கைகளின் பத்து விரல்களையும் விரித்து இரண்டு முறை காட்டினான்.

இருபது.

மேர்வின் அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதார். எவ்வளவு பக்தி என்று டொறீன் அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.