மஞ்சள் வராத காலை

“சரி, நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க” என்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருக்கிறார் அக்கா. மறுமுனையில் அவர் கணவர். கதவைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுக்க வேண்டும், செய்தி அவ்வளவுதான். “எந்தக் கதவு? கீழ்வீட்டுல யார்கிட்ட?” கணவர் ஒரு சொல் விடாமல் ஒப்பித்த பிறகே தொலைபேசி கீழே இறங்குகிறது. எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இவருக்குத் திருப்பிச்சொல் அக்கா என்று பெயர். அது இவர் காதிலும் விழுந்திருக்கிறது. “அக்கா சேர்த்துத்தானே சொல்றாங்க?” என்று மட்டும் கேட்டார்.

நாற்பதைத் தாண்டியவர். யாரோ கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பதுபோல நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். நகங்களைக் கடித்துக் கடித்து விரல்நுனிகள் மழுங்கிப்போயிருக்கின்றன. தேநீரை வாங்கி வைத்துவிட்டு மறந்துபோவார், ஆடை படர்ந்த பிறகு பார்த்து, “இது எப்ப வந்துச்சு?” என்பார். அடுத்த மேசைக்காரனான நான்தான் அதைப் பல தடவை குடித்துத் தீர்த்திருக்கிறேன்.

வார்டில் ஓடும் கணினி நிரலை ஒரு நிறுவனம் எழுதியது. மருந்தகத்தில் ஓடுவது வேறொரு நிறுவனத்தின் நிரல். இரண்டுக்கும் நடுவே செய்தி போய்வரும் பாதை இவர் பொறுப்பு. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய அந்த நிரலுக்குள் நோயாளி என்பவர், பெயர், வயது, எடை, ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பட்டியல் எல்லாம் கோத்த ஒரே பொருள். அதை அப்படியே கம்பி வழியே அனுப்ப முடியாது. பிரித்து, வரிவரியாக எழுத்தாக்கி, சோப் என்ற முறைப்படி உறையிலிட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் அதைப் படித்து மறுபடி நோயாளியாகக் கோத்துக்கொள்ளும். “கட்டிலக் கழட்டி மாடிக்கு ஏத்துற மாதிரிதான். மேல மாட்டி முடிச்சப்புறம் கையில ஒரு ஸ்க்ரூ மிஞ்சுச்சுன்னா, அதுல எப்படிங்க படுக்கிறது?” நாத்தனாருக்குச் சோப்புக் கம்பெனியில் வேலை என்றுதான் அவருடைய அண்ணி இன்னமும் சொல்லித் திரிகிறாராம். இவர் திருத்தவில்லை. “சோப்புன்னா வழுக்கும். அதுவும் உண்மைதானே.”

மற்றவர்கள் பெரிய பட்டியலைக் கண்டு பயப்படுவார்கள். இவருக்கு நேர்மாறு. “ஆயிரம் இருந்தா எனக்குக் கவலையே இல்ல. ஒண்ணும் இல்லாததுதான் பயமே.” அதற்குக் காரணம் உண்டு. நர்ஸ் கேட்டு, எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்று நோயாளி சொல்லிவிட்டால், காலிப் பட்டியல் போகும். மருந்தகத்தின் திரையில் பச்சை விளக்கு. இன்னும் கேட்கவே இல்லையென்றால் பட்டியலே போகாது, மஞ்சள் விளக்கு. மஞ்சளைப் பார்த்தால் மருந்தாளுநர் வார்டுக்குப் பேசி விசாரித்துவிட்டுத்தான் மருந்தை விடுவார். ‘இல்லை’ என்பதும் ‘தெரியாது’ என்பதும் வேறுவேறு. ஆனால் எழுத்தாகும்போது இரண்டுக்கும் இடையே மயிரிழைதான் இடைவெளி.

இந்த மாதம் மருந்தகத்துக்குப் புதிய நிரல் வந்தது. மறுநாள் காலை மருந்தாளுநர் சிரித்த முகமாக எங்கள் அறைக்குள் தலையை நீட்டினார். “புதுசு பிரமாதம் மேடம். காலையிலேர்ந்து ஒரு மஞ்சள்கூட வரல. போன் பண்ணிப் பண்ணித் தொண்டை வறண்டு போற வேலை மிச்சம்.”

அக்காவின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். “ஒண்ணுகூடவா?” என்றார். 

கணினியின் பக்கம் திரும்பி, காலையில் போன செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எங்கள் பக்கத்திலிருந்து சரியாகத்தான் போயிருந்தது. கேட்கப்படாதவர்களுக்குப் பட்டியல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் புதிய நிரல், பட்டியல் வராத இடத்தில் தானாகவே ஒரு காலிப் பட்டியலைச் செய்து வைத்துக்கொண்டிருந்தது. தெரியாது என்று போனது, இல்லை என்று போய்ச் சேர்ந்திருந்தது.

“நீங்க உடனே போங்க. பச்சை எதையும் நம்பாதீங்க. எல்லாத்தையும் மஞ்சள்னு வச்சுக்குங்க” என்றார். மருந்தாளுநர் வாய் திறப்பதற்குள், “என்ன சொன்னேன்?” என்றார். அவர் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார்.

வார்டின் பதிவைப் பார்த்தால், காலையில் பட்டியல் இல்லாமல் செய்தி போனவர்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் மருந்து ஏறவில்லை. ஒருத்திக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் வண்டி மோதி, நினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட பெண். அவளிடம் யார் கேட்டிருக்க முடியும்? வார்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அக்கா செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படிக்கட்டில் இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

“சிஸ்டர், அந்த டிரிப்ப நிறுத்துங்க.”

தலைமை நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். “டாக்டர் எழுதினது மேடம். மருந்தகத்துல பச்சைன்னு வந்திருக்கே.”

“அது பொய்ப் பச்சை. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் எதுவும் கேக்கல. கேக்காததையே இல்லன்னு எடுத்துக்கிச்சு.”

 நர்ஸ் குழாயின் பூட்டை இறுக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, சேதி கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார் பெண்ணின் அம்மா. மகளுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று, திரும்பி வந்த நர்ஸ் கேட்டார். “சின்ன வயசுல ஒரு தடவ உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. என்ன மருந்துன்னு தெரியலயே. ஏன் கேக்கறீங்க?”  அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் பார்வை பெண்ணின் கழுத்தைவிட்டு நகரவில்லை. அங்கே, காதுக்குக் கீழே, சிவப்பாக ஏதோ தடித்து எழும்பிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்தார், திரை இழுக்கப்பட்டது, ஊசி போட்டார்கள். திரைக்கு வெளியே அந்த அம்மா அக்காவை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்தார். “ஒண்ணும் ஆகாதில்லம்மா?”

அக்கா வாயைத் திறந்தார். “தெரியலம்மா” என்றார்.  ஆனால் பிடித்த கையை விடவில்லை.

திரை விலகியபோது டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பாதியில நிறுத்தினது நல்லதாப் போச்சு. முழுசா போயிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்.” தடிப்பு வடியத் தொடங்கியிருந்தது. நர்ஸ் பெண்ணின் தாளில் பெரிதாகச் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்.

மருந்தகத்தின் நிரல் அன்றைக்கே திருத்தப்பட்டது. திருத்தியவர்கள் அதை ஏதோ சின்ன விஷயம்போலப் பேசினார்கள்.  மாலையில் வீட்டுக்குக் கிளம்பிய அக்கா வார்டுப் பக்கம் திரும்பினார், நானும் கூடப் போனேன்.

பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். தலைமாட்டுத் திரையில் துடிப்பும் மூச்சும் எண்களாக ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் பச்சை. அக்கா அதைப் பார்க்கவேயில்லை. குனிந்து, பெண்ணின் மூக்குக்குக் கீழே தன் புறங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.