மைக்செட் அக்காவும் கல் மாடும்

காய்கறிச் சந்தையில் அவளுக்கு மைக்செட் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லித் தேடிக்கொண்டு போனால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். கிழக்கு வாசலில் வெங்காயமும் தக்காளியும் விற்கிற அவள் குரலைக் கேட்டு மேற்கு வாசல்காரர்கள் விலையை மாற்றிக்கொள்வதாகச் சொல்வார்கள். ரகசியம் அவளிடம் தங்காது. “அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதே” என்று யாராவது காதில் ஓதினால், “சேச்சே, நீ கொழுந்தனோட சண்டை போட்டதை நான் ஏன் சொல்லப்போறேன்!” என்று அவள் ஆறுதல் சொல்வதற்குள் விஷயம் நாலு கடை தாண்டிப் போயிருக்கும்.

அவள் கணவர் அதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, வீட்டளவு பெரிய இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியின் மேல் பூப்போல வைப்பது அவர் வேலை. கீழே நின்று சைகை காட்டுகிறவனின் கையும் அவருடைய கண்ணும் பேசிக்கொண்டால் போதும், வாய்க்கு வேலையில்லை.

அந்தக் கண்தான் போயிற்று. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார்கள். முதலில் ஓரங்கள் மங்கின. அவர் அதை வெளியே சொல்லவில்லை. லாரியின் ஓரத்தில் ஒரு பெட்டி உரசிய அன்று, தாமாகவே இறங்கி வந்து மேலாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் இல்லை. பிறகு நடுவில் இருந்த வெளிச்சமும் அணைந்தது.

கூண்டிலிருந்து இறங்கியவர் வீட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். மருத்துவமனைக்கு அன்றி வாசல்படி தாண்டுவதில்லை. தட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவள் சொன்னால் “ம்” என்பார். வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழுதால், அதற்கும் “ம்” தான். சந்தையையே கட்டி ஆள்கிறவளுக்கு வீட்டுக்குள் பேச ஆள் இல்லாமல் போயிற்று. சுவரோடு பேசுவதற்குப் பழகிக்கொண்டாள்.

கண் மருத்துவமனையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்ட நாளில்தான் அது நடந்தது. டாக்டர் நல்லவர், மென்மையாகத்தான் சொன்னார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. கணவருக்கோ அவசரமாகக் கழிப்பறை போகவேண்டும். எதிரே தூண்களும் அகலப் படிகளுமாக ஒரு பெரிய கட்டடம். எத்தனையோ வருடமாகப் பேருந்திலிருந்து பார்த்து, ஏதோ கோர்ட் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த இடம். அவரை இழுத்துக்கொண்டு படியேறினாள்.

“உள்ளே போக எவ்வளவுங்க?”

“காசு கிடையாதும்மா. மியூசியம் எல்லாருக்கும் இலவசம்” என்றார் வாசல் காவலர்.

“வெளியே வர்றதுக்கு வாங்குவீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். கழிப்பறைக்கும் வழி காட்டினார்.

கழிப்பறையிலிருந்து திரும்பும் வழியில் கணவர் நின்றார். தலையை லேசாகத் தூக்கி எதிரொலியைக் கவனித்தார்.

“இது என்ன இடம்? கூரை ரொம்ப உயரத்துல இருக்கு. நம்ம துறைமுகக் கிடங்கை விட உயரம்.”

பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியங்கள். அவள் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல், “அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் வச்சிருக்காங்க. எதிர்ல ஒரு மாடு நிக்குது” என்றாள்.

“மாடா?”

“கல்லு மாடுங்க. மாட்டு உடம்பு, மனுஷன் மூஞ்சி. தாடி வேற, சுருள் சுருளா. முதுகுல றெக்கை. ஏதோ பழைய அரண்மனை வாசல்ல காவலுக்கு நின்னதாம். எழுதியிருக்கு.”

“எவ்வளவு உயரம்?”

“நம்ம வீட்டு மாடி வரைக்கும் வரும்.”

“ஒரே கல்லா?”

“ஒரே கல்லு மாதிரிதான் தெரியுது.”

அவர் உதடுகள் அசைந்தன. எடை போடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு கேட்டார்: “இதை எவன் தூக்கினான்?”

அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மறுபடியும் “ம்” வந்துவிடும் என்ற பயம். அரக்கப்பரக்கச் சுற்றிப் பார்த்தாள். பக்கத்துச் சுவரில் ஒரு நீளமான பலகைக் கல் பதித்திருந்தது. அதில் அதே போன்ற ஒரு மாட்டை ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவரை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இங்கே செதுக்கி வச்சிருக்காங்க! மாட்டை ஒரு பெரிய மரச் சட்டத்து மேல ஏத்தியிருக்காங்க. முன்னாடி கயிறு, கயிறு கயிறா போகுது. ஒவ்வொண்ணுலயும் எறும்பு மாதிரி ஆளுங்க தொத்திக்கிட்டு இழுக்கிறாங்க. மாட்டு மேலயே ஒருத்தன் ஏறி நிக்கிறான்.”

“கை எப்படி இருக்கு அவனுக்கு?”

“வாய்க்கிட்ட வச்சிருக்கான். கத்துறான் போல.”

“அவன்தான் சைகைக்காரன். பின்னாடி பாரு, நெம்புறதுக்கு ஏதாவது இருக்கா?”

“இருக்கு, இருக்கு! தென்னைமரம் மாதிரி ஒரு கட்டை. அதோட ஒரு முனையை மாட்டுக்கு அடியில குடுத்து, இன்னொரு முனையில கயித்தைக் கட்டி நாலஞ்சு பேர் தொங்குறாங்க.”

“படுபாவிங்க!” என்றார் அவர். “தூக்கவே இல்ல. இழுத்தே கொண்டுவந்திருக்கானுங்க!” என்று சொல்லி, சத்தமாகச் சிரித்தார்.

மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியாது.

சந்தைக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து செவ்வாய் தவறாமல் இருவரும் அங்கே போனார்கள். கணவரின் தங்கைதான் நொடித்தாள். “கண்ணு தெரியாதவரைக் கூட்டிட்டுப்போய் பொம்மை காட்டுறியே அண்ணி, ஊர் சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். உங்க அண்ணன் சிரிக்கிறாரு, எனக்கு அது போதும்” என்று அவள் ஒரே போடாகப் போட்டாள்.

ஆனால் பார்த்ததைச் சொல்வது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. ஆரம்பத்தில் எதன் முன் நின்றாலும் “அழகா இருக்குங்க” என்றாள். அவர் எரிந்து விழுந்தார். “அழகுன்னா நான் என்னத்தைப் பிடிச்சுக்கறது? கை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு, சொல்லு.” அவள் முறைத்தாள், பிறகு முறைப்பை விட்டுவிட்டு, பார்க்கக் கற்றுக்கொண்டாள். அழுகிய தக்காளி ஆயிரத்தில் ஒன்றானாலும் பொறுக்கி எறிகிற கண் அது. அதைக் கல்லின் மேலும் மண்ணின் மேலும் திருப்பினாள். ஒரு ராணியின் சிலையில் இடது காது மட்டும் தேய்ந்திருப்பதைச் சொன்னாள். தானியம் வைக்கிற பானையின் கழுத்தில் அதைச் செய்தவரின் விரல் அமுங்கிய பள்ளம் இருப்பதைச் சொன்னாள். ஒரு ராஜாவைப் பார்த்து, “மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கான். சரக்கு லாரி லேட்டா வந்தா நம்ம மொத்த வியாபாரி வச்சிருப்பாரே, அதே மூஞ்சி” என்றாள். தலையணை என்று எழுதியிருந்த ஒரு மரக்கட்டையைப் பார்த்து, இதில் தலை வைத்துப் படுத்தவர்களுக்குப் பெண்டாட்டியோடு சண்டை போடக் கழுத்து திரும்பியிருக்காது என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒரே ஓர் இடத்தில் திணறினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நீல மணிமாலை. வானம் என்று ஆரம்பித்தாள், இல்லை. மயில் கழுத்து என்றாள், அதுவும் இல்லை. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாதவள் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள்.

“விடு” என்றார் அவர். “விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கிரேன் மேல இருந்து பார்த்தா கடல் ஒரு நீலமா இருக்கும். அதையே வச்சுக்கிறேன்.”

இதையெல்லாம் அவள் சந்தைக் குரலில்தான் சொன்னாள். மெதுவாகப் பேசச் சொன்ன காவலரிடம், “என் தொண்டையில அந்தப் பட்டனே வைக்கலைங்க” என்று வருத்தத்தோடு சொன்னாள். பொய்யில்லை. கிசுகிசுத்துப் பார்த்தாள், அது மூன்று அறை தாண்டிக் கேட்டது. சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் மெல்லப் பின்னாலேயே வந்து நின்று கேட்டார்கள். படம் வரைந்துகொண்டிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி அம்மாள் வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் அடையாள அட்டை. உடனே எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று கொஞ்ச நேரம் கேட்டார். மைக்செட் அக்கா திரும்பிப் பார்த்ததும் அட்டையைக் கண்டு பதறிப்போனாள்.

“போயிடுறோம்மா. இவருக்குக் கண்ணு தெரியாது, அதான். கோவிச்சுக்காதீங்க.”

“யாரும் போகவேண்டாம்” என்றார் அதிகாரி. “ஆனா படம் வரையறவர் புகார் சொன்னதும் நியாயம்தானே? காலையில திறந்த உடனே வாங்க. கூட்டம் இருக்காது, நீங்க எவ்வளவு வேணா பேசலாம்.” பிறகு கணவரிடம் திரும்பினார். “சார், அந்த மாட்டைத் தொட்டுப் பார்க்கிறீங்களா? சாதாரணமா யாரையும் விடறதில்லை. கண்ணு தெரியாதவங்களுக்கு ஏற்பாடு இருக்கு. நாங்கதான் அதை வெளியே சொல்லாம வச்சிருக்கோம், தப்பு எங்க மேலதான்.”

அடுத்த செவ்வாய் காலை அவர் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, அதிகாரி கொடுத்த மெல்லிய கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டின் முன் நின்றார். முதலில் விரல் நுனியால், உறங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார். குளம்பு, கணுக்கால், முழங்கால் முடிச்சு, விம்மிய நரம்பு. முன்பக்கம் முடித்துப் பக்கவாட்டில் நகர்ந்தார். திடீரென்று நின்றார். திரும்பி முன்னால் வந்தார். மறுபடியும் பக்கவாட்டில் போனார்.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“இதுக்கு எத்தனை காலுன்னு சொன்னே?”

“மாட்டுக்கு எத்தனை கால் இருக்கும்? நாலு.”

“எண்ணினியா?”

“மாட்டுக் காலைப் போய் எண்ணுவாங்களா!”

“எண்ணு” என்றார். அவர் முகத்தில் குறும்பு. “அஞ்சு இருக்கு.”

அவள் எண்ணினாள். குனிந்து எண்ணினாள், சுற்றி வந்து எண்ணினாள். ஐந்துதான். “அட கடவுளே, எத்தனை வாரமா பார்க்கிறேன்!” என்று அவள் போட்ட கூச்சலில் அடுத்த அறைக் காவலர் ஓடிவந்தார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே விளக்கினார். முன்னால் நின்று பார்க்கிறவருக்கு மாடு இரண்டு காலை ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு நாலு காலில் நடக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்று சிற்பி ஒரு காலைக் கூட்டி வைத்துவிட்டார்.

“நிக்கவும் நிக்குது, நடக்கவும் நடக்குது” என்று முணுமுணுத்த கணவர், அந்தக் கூடுதல் காலை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, சந்தையில் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். நாற்காலி காலி. மருத்துவமனையில் கொடுத்த வெள்ளைக் கம்பும் இல்லை. மைக்செட் அக்கா தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பேருந்தில் உட்காராமல் நின்றுகொண்டே, கண்ணில் பட்ட வண்டியையெல்லாம் சபித்துக்கொண்டு போனாள். எங்கே போவார் என்று யோசிக்கவே இல்லை. கால் தானாக அந்தப் படியேறியது.

சிலைக் கூடத்தில் மாட்டின் அருகே ஒரு குடும்பம் நின்றிருந்தது. நடுவில் அவர். பலகைக் கல்லின் பக்கமாகக் கையை நீட்டி, “மேல ஏறி நிக்கிறானே, அவன் பேச்சைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் இழுக்கணும். அவன் ஒரு தடவை தப்பாக் கத்தினா கீழ ஆள் காலி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்கு அவருக்குக் கண் தெரியாது என்பது பிடிபட்டிருக்கவில்லை. சுவரில் கம்பு சாய்த்து வைத்திருந்தது.

திட்டுவதற்காகத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். பிற்பாடு சந்தையில் அவள் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. தூணோரம் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அவள் சொன்ன வார்த்தைகள் பாதி; அவருடையவை பாதி. எறும்பு அவளுடையது. கால் எண்ணிக்கையை மட்டும் அவர் சொல்லாமல், “நீங்களே எண்ணிப் பாருங்க” என்று அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டார்.

வெளியே படியில் இறங்கும்போதுதான் கேட்டாள்: “எப்படிங்க தனியா வந்தீங்க?”

“பஸ் ஏறி, நடத்துனர்கிட்ட சொல்லி இறங்கி. வாய் இருக்குல்ல, கேட்டுக்கேட்டு வந்தேன்.”

அந்த மனிதரா இப்படிச் சொன்னார் என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

இப்போது அவர் நினைத்த நாளில் தனியாகப் போய்வருகிறார். காவலர்களெல்லாம் அவருக்குச் சிநேகிதர்கள். பார்வையில்லாத வேறு சிலரும் செவ்வாய்க் காலைகளில் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதிகாரி அம்மாள் ஏற்பாட்டை வெளியே எழுதி மாட்டிவிட்டார். சம்பளத்துக்கு வேலை தருகிறேன் என்றுகூட மைக்செட் அக்காவைக் கேட்டார். “வெங்காயத்தை யாரும்மா விப்பாங்க?” என்று அவள் மறுத்துவிட்டாள். ஆனால் செவ்வாய் தவறுவதில்லை. ஒரு தோளில் கணவர் கை, இன்னொரு தோளில் யாரோ ஒரு அம்மாளின் கை, பின்னால் ரயில்பெட்டிபோல நாலைந்து பேர். கீழ்த்தளம் இன்னும் முடியவில்லை. போன வாரம் ஒரு மரப்படகின் முன்னால் நின்றார்கள்.

“துடுப்பு எத்தனைக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“இருங்க, எண்ணிட்டுச் சொல்றேன்” என்றாள் அவள்.