ஊசி நின்ற நாள்

அக்காவின் கைப்பையை நான் திறந்தது அந்த ஒரே ஒரு முறைதான். காக்ஸ் டவுனில் அவள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த நேரம். என் வண்டிச் சாவியை அவள்தான் பையில் போட்டு வைத்திருந்தாள். அதைத் துழாவியபோது கையில் அகப்பட்டவை மிட்டாய்த் தாள்கள். ஏழெட்டு இருக்கும், ஒவ்வொன்றும் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. கூடவே பிரிக்காத ஆரஞ்சு மிட்டாய்கள் ஒரு பிடி. மாமாவும் அவருடைய அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தனையையும் அவள் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டினேன்.

"இதுக்குத்தான் வயித்தை அறுத்துக்கிட்டியாக்கா?" என்று கேட்டேன்.

அந்த அறுவை சிகிச்சைக்கு அவளைச் சம்மதிக்க வைத்ததே நான்தான். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அக்காவுக்கும் முப்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. பள்ளியில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க நின்றபடி வேலை. உடம்பும் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போனது. தொம்மலூரில் என் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி, இரைப்பையைச் சிறிதாக்கும் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டு எட்டே மாதத்தில் முப்பது கிலோ இளைத்தாள். அவள் படங்களை அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். "கத்தி வேணாம்டி, வாயைக் கட்டிப் பாக்கறேன்" என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல்தான் ஒப்புக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் எடை இறங்கவில்லை. இறங்கியது, நான் எதிர்பார்த்த வேகத்தில் இல்லை. எட்டு மாதத்தில் பதினோரு கிலோ. எடை மெஷின் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் அதில் அவளை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். ஏறுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவாள், மூக்குக்கண்ணாடியையும் கழற்றுவாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண், தங்கை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எண் அசையாமல் இருந்தால், நான் எதுவும் சொல்லுவதற்கு முன்பே, "இந்த வாரம் நடக்கல, மழை" என்று தானாகவே ஆரம்பிப்பாள்.

அதற்கு நடுவில் ஒருநாள் மதியம் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"ஏய், டாக்டர் இனிமே இன்சுலின் ஊசியே வேணாம்னுட்டார்டி. பதினாறு வருஷம். இன்னிக்கு வயித்துல குத்திக்காம சாப்பிட உக்காந்தேன், எதையோ மறந்துட்டாப்பல இருந்துச்சு."

மீட்டிங்குக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். "சரிக்கா, நல்லது. வெயிட் எவ்வளவு காட்டுது?" என்றேன்.

 "அதேதான். சரி, பெல் அடிச்சிருச்சு" என்று வைத்துவிட்டாள்.

மிட்டாய்களைக் கொட்டிய அந்த ஞாயிறு அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தது. அன்று அவள் சொல்லத்தான் பார்த்தாள். "சோறு சாப்பிட்டு ரெண்டு பீரியட் போனா கை நடுங்குதுடி. வேர்த்துக் கொட்டுது. அப்ப ஒண்ணு வாயில போட்டுக்கச் சொல்லி..."

"சாக்கு சொல்லாதே" என்று இடைமறித்தேன். "அப்பா மாதிரி நீயும் காலைக் குடுத்துட்டுத்தான் அடங்குவியா?"

மாமா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அக்கா மிட்டாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுபோய்ச் சமையலறைக் குப்பைக்கூடையில் போட்டாள். திரும்பி வந்து, எல்லோருக்கும் ரசம் பரிமாறினாள். என் கண்டிப்பு பலித்துவிட்டது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளியின் மாடிப்படியில் நோட்டுப் புத்தகக் கட்டோடு இறங்கும்போது அக்கா மயங்கி விழுந்தாள். வலது தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே இருந்ததாம். நான் போய்ச் சேர்ந்த நேரம் டாக்டர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும்மா. சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல சுகர் சட்டுனு இறங்கிடும். கையில எப்பவும் ஏதாவது ஸ்வீட் வெச்சிருங்கன்னு சொல்லியிருந்தோமே. ஏன் வெச்சுக்கல?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தி எடையைப் பற்றிக் கேட்டேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன். வருடக்கணக்கில் இன்சுலின் போட்டவர்களுக்கு எடை மெதுவாகத்தான் இறங்கும் என்றார். "ஊசி நின்னதுதான் பெரிய விஷயம். உங்க அக்காவை நான் மத்த பேஷண்டுங்களுக்கு உதாரணமா சொல்றேன்" என்றார். எனக்கு அந்த மதிய போன் ஞாபகம் வந்தது. பதினாறு வருடம் கழித்துக் கிடைத்த ஒரு வெற்றியை அவள் முதலில் சொல்லத் தேர்ந்தெடுத்த ஆள் நான்.

அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "விடுடி, நல்லதுக்குத்தானே சொன்னே" என்று இடது கையால் என் முழங்கையைத் தட்டினாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மொத்தம் இருபத்திரண்டு கிலோ குறைந்திருப்பதாக மாமா சொல்லித்தான் தெரியும். தோள் கூடிவிட்டது, ஆனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை, கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறாள். என்னிடம் பாசமாகத்தான் இருக்கிறாள். என் பிள்ளைகளைக் கேட்கிறாள், கேரியரில் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். எப்படியிருக்கிறாய் என்றால் மட்டும் "நல்லாருக்கேன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். போன மாதம் இரும்புச்சத்து குறைந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது.

சென்ற சனிக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் அவளோடு நடக்கப் போனேன். இரண்டு சுற்று முடிந்ததும் "கொஞ்சம் உக்காரலாம்" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து, சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து விரலில் குத்தினாள். எண் வருவதற்குள் என் பக்கம் முதுகு வரும்படி லேசாகத் திரும்பிக்கொண்டாள். பரீட்சையில் பிள்ளைகள் விடைத்தாளைப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து மறைப்பதுபோல, இடது கையைக் குவித்து அதை மூடிக்கொண்டாள். நான் எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியைப் பையில் வைத்துவிட்டு எழுந்து, "வா, போலாம்" என்றாள்.