வெந்நீர் ஊற்றிய பாத்தி

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பேர், முதுகுக்குப் பின்னால் கொதிநீர். அறுவை சிகிச்சைக்கான கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, துணியில் சுற்றி அனுப்புகிற அறை அவளுடையது. அந்த அறையில் வேகாத எதுவும் அழுக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை. பெரிய டாக்டரே ஒருமுறை வெளிச் செருப்போடு உள்ளே கால் வைத்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பிப் போனார்.

அந்தச் சட்டத்தை வேலையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அவள் விடவில்லை. ஓய்வு பெற்றதும் உலகம் முழுவதையும் அந்த அறைக்குள் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டாள், விழுந்தாலும் சரி. யார் வீட்டிலாவது தேநீர் கொடுத்தால் கோப்பையின் விளிம்பைப் பார்ப்பாள். அதில் இதுவரை வாய் வைத்த அத்தனை பேரும் வரிசையாக அவள் கண்ணுக்குத் தெரிவார்கள். வயிற்றைப் புரட்டும். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று வாய் கூசாமல் பொய் சொல்வாள். மனுஷ ஜென்மம் என்றால் எச்சில், வேர்வை, சளி, சீழ், இவ்வளவுதானா என்று அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. பாதி ஆயுளை அடுத்தவர் வயிற்றுக்குள் போய் வந்த கத்திகளைக் கழுவியே கழித்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இந்தச் சாக்கடைக் கும்பலில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவள் வீட்டுக்காரர். ரொட்டி சுடுகிறவர். விடியும் நேரத்தில் வேலை முடிந்து வருவார். சட்டையில், கழுத்தில், காதோரத்தில் எல்லாம் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை. அந்த வாசனைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அவளே வெட்கமில்லாமல் சொல்லுவாள். வெறுங்கையால் மாவு பிசைகிற மனுஷர் அவர். கையுறை போட்டுக்கொண்டு பிசையச் சொன்னதற்கு, "அப்புறம் மாவு எங்கிட்ட பேசாது" என்று முதலாளியிடமே சொன்னவர். அந்தக் கை தொட்டதை மட்டும் அவள் மறுபடி கழுவியதில்லை.

அந்த மனுஷருக்குக் குடலில் கட்டி வந்தது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வயிற்றின் இடதுபக்கம் ஒரு வாயைத் திறந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் மலம் போவதெல்லாம் அதன் வழியாகத்தான். உயிர் தங்கியது, அது பெரிய விஷயம். ஆனால் ரொட்டி வாசனை போய்விட்டது. வந்தது வேறு வாசனை.

பையை அவரே மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நர்ஸ் சொன்னாள். ஆனால் காலமெல்லாம் மாவு பிசைந்து அவர் விரல் மூட்டுகள் இறுகிவிட்டிருந்தன. வழுக்குகிற அந்த மெல்லிய பிளாஸ்டிக்கைப் பிடித்து உரிக்க வரவில்லை. ஆக, அவள்தான் மாற்றவேண்டும்.

அவள் மாற்றினாள். குறை சொல்ல முடியாத சுத்தத்தோடு மாற்றினாள். வாயில் மாஸ்க், முழங்கை வரை பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ரப்பர் க்ளவுஸ் ஒன்று, போதாதென்று அதற்கு மேல் இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கண்ணை வேலையின் மேல் மட்டும் வைத்திருப்பாள், அவர் முகத்துக்குப் போகவிடமாட்டாள். முடிந்ததும் நாற்காலியைத் துடைப்பாள், கதவுப் பிடியைத் துடைப்பாள், அவர் ஊன்றிக்கொண்ட சுவரைத் துடைப்பாள். பிறகு குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஓங்கரிப்பாள். அவருக்குக் கேட்காது என்று நினைப்பு. எவ்வளவு படித்த முட்டாளும் இப்படித்தான் நினைப்பான். அந்த வீட்டின் சுவர் அட்டைக்குச் சமானம்.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், உள்ளே குறைவாகப் போனால் வெளியே குறைவாக வருமே என்று. நாளெல்லாம் சோபாவின் ஓரத்தில், அதிகம் இடத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். தன் வீட்டில் விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர் தேசத்தில் பனி உருகி, பின்கட்டுத் தரை ஈரமாக இளகிய சமயத்தில் ஒருநாள் அவராகவே கேட்டார்.

"இந்தாம்மா, பின்னாடி அந்த இடம் சும்மாதானே கிடக்கு. கொஞ்சம் காய்கறி போடட்டுமா?"

மாதக்கணக்கில் அவர் கேட்ட ஒரே ஆசை அது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் எரு வந்தது. சாக்கு சாக்காக மாட்டுச் சாண எரு, கூடவே கோழிக் கழிவு ஒரு சாக்கு. காசு கொடுத்து மலத்தை வீட்டுக்கு வரவழைக்கிற கூத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. மூட்டையைத் தூக்கி வந்தவன் அதே கையால் காதைச் சொறிந்துகொண்டு, "நல்லா மக்கிய சரக்கும்மா" என்று சிரித்தான். அவளுக்கு அவன் காதைப் பிடித்துக் கொதிக்க வைக்கலாம் போல இருந்தது. பின்கதவின் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். ஜன்னலைச் சாத்தினாள். நாற்றம் சாவித்துவாரம் வழியாக வந்தது.

ஆனால் அவர் எழுந்தார். அதுதான் அதிசயம். காலையில் எழுந்து, தானாகச் சட்டை மாற்றி, வெளியே போனார். மண்ணைக் கொத்தினார். எருவைக் கொட்டி வெறுங்கையால் கலந்தார், பழைய மாவு பிசைகிற அதே தோரணையில். மடங்காத விரலெல்லாம் அந்த ஈர மண்ணில் எப்படியோ மடங்கின. ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகினார். மதியம் உள்ளே வந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் தட்டில் பரிமாறிக்கொண்டே அவர் நகக்கண்ணைப் பார்த்தாள். கறுப்பு. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முள்ளங்கியும் கீரையும் விதைத்தார். சீக்கிரம் முளைப்பது முள்ளங்கிதானாம், குளிருக்கும் தாங்குமாம். விதைத்த அன்று, உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"இங்க பாரேன், எவ்வளவு பெரிசுன்னு. மண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

கையில் மண்புழு. சிவப்பாக, கொழுகொழுவென்று, வழவழத்துக்கொண்டு, தலை எது வால் எது என்று தெரியாமல் நெளிந்தது. குடலின் ஒரு துண்டு தானாக நடந்து வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவள் போட்ட கூச்சலில் அவர் பின்னால் நகர்ந்தார். புழு தரையில் விழுந்தது. அவள் தரையை அன்று எத்தனை தடவை கழுவினாள் என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அன்று இரவு அந்தப் பாத்தி அவளைத் தூங்கவிடவில்லை. அந்த மண்ணில் விளைவதை வாயில் வைக்க வேண்டுமாம்! வயிற்றில் திறந்த புண்ணோடு இருக்கிற மனுஷர் அதைத் தின்ன வேண்டுமாம்! புழுவும் கிருமியும் மலமும் சேர்ந்த அந்தக் கண்றாவியை இப்படியே விடுவதா? அவளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். வேகாதது அழுக்கு.

மறுநாள் மதியம் அவர் படுத்திருந்த நேரம் பார்த்து, அவள் காரியத்தில் இறங்கினாள். வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் அத்தனையிலும் தண்ணீர் கொதிக்க வைத்தாள். க்ளவுஸ் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுமந்து போய், பாத்தியில் ஒரு மூலை விடாமல் ஊற்றினாள். மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. ஆவி வீணாகக் கூடாதென்று, ஆஸ்பத்திரியில் கருவித் தட்டுகளை மூடுவதுபோல, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களில் கல் வைத்தாள். சூடு ஆறியதும் எடுத்துவிட்டு, மண்ணைப் பழையபடி நிரவினாள். வெளுத்துச் செத்து மேலே வந்த புழுக்களை இடுக்கியால் பொறுக்கி எறிந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். விதையும் சேர்ந்து வெந்திருக்கும் என்று அவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவள் அறையில் உயிரோடு இருக்க வேண்டிய பொருள் எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

அவர் தினமும் தண்ணீர் ஊற்றினார். குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுத் தையற்காரி அதே சமயத்தில், அதே கடை விதையைப் போட்டிருந்தாள். அவள் பாத்தியில் பச்சைக் கோடாக முளைகள் வந்து, இலை விட்டு, அடியில் கிழங்கு வைக்கவும் ஆரம்பித்துவிட்டன. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்களுது இன்னும் வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இவர் பாத்தி வழுக்கைத் தலையாகக் கிடந்தது. அவர் அப்போதும் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒருநாள் ஊற்றவில்லை. சோபாவின் ஓரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அதன்பின் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அண்ணன் உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். எங்க வீட்டு மாடி ரூமு காலியாத்தான் இருக்கு. பாத்துக்க ஆளும் போட்டுட்டேன்."

அவர் சொல்லியிருக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். பெட்டி திறந்து கிடந்தது. துணி வைக்கும் முன்பே வயிற்றுப் பைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகளை அடியில் அடுக்கியிருந்தார்.

"என்னங்க இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எத்தனை நாளைக்கும்மா நீயும் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்ப?"

அவர் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார்.

"உள்ள எங்க உக்காந்தாலும் என் நாத்தம் எனக்கே தெரியும். தோட்டத்துல நின்னா எரு நாத்தத்துல எல்லாம் ஒண்ணாயிடும். அங்க மட்டும்தான் நான் மனுஷனா நின்னேன். அதுலயும் போய் சுடுதண்ணிய ஊத்திட்டியே."

"பாத்தீங்களா?"

"ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்குங்க தினமும் தண்ணி ஊத்துனீங்க?"

"ஒண்ணாவது தப்பிச்சு வராதான்னுதான்."

அவள் பின்கட்டுக்கு வந்து நின்றாள். அடுத்தவர் கோப்பையைப் பார்த்து வருகிற அந்தக் குமட்டல் அவளுக்கு வந்தது. இந்த முறை பார்ப்பதற்குக் கோப்பை எதுவும் இல்லை. தன் கைகளைப் பார்த்துத்தான் வந்தது. சோப்பும் மருந்தும் தின்று வெளுத்த, கோடு அழிந்த கைகள். சீ, என்றாள் அவற்றைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. நாத்தனார் இறங்கும் முன்பே அவள் பூசியிருந்த சென்ட் இறங்கிவிட்டது. வீட்டுக்குள் யாரையும் காணாமல் பின்கட்டு வரை வந்தவள், வாசற்படியிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். க்ளவுஸ் இல்லை. மிச்சமிருந்த எருச் சாக்கைப் பாத்தியில் கவிழ்த்து, முழங்கை வரை விட்டுக் கலந்துகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஒழுகியது. நடுநடுவே தலையைத் திருப்பி ஓங்கரித்தாள், பிறகு மறுபடி கலந்தாள். அவளுக்கு அந்த மண் பிடித்துப்போகவில்லை. ஒரு துளியும் பிடிக்கவில்லை. விரலிடுக்கில் அது பிதுங்கியபோதெல்லாம் உச்சந்தலை வரை கூசியது.

அவர் கையில் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"பெட்டிய அங்க வச்சிட்டு வாங்க. விதை எவ்வளவு ஆழத்துல போடணும்னு எனக்குத் தெரியாது" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்படி அடிச்சுப் பிசையாதே. விரலால கிளறு. காத்து போகணும்" என்றார்.

குனிந்த வேகத்தில் அவர் வயிற்றுப் பை ஓரத்தில் ஒட்டு விட்டுவிட்டது. அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. வாசற்படியிலிருந்து நாத்தனார் கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஐயய்யே, என்ன அண்ணி இப்படி நாறுது?"

"எரு" என்றாள் அவள். "கோழி எரு அப்படித்தான் நாறும். நீ போய் கார்ல உக்காரு."

அவள் எழுந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கி, குளியலறைக்குக் கூட்டிப்போனாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நன்றாகவே கழுவினாள், அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. பிறகு பழக்கத்தில் அலமாரியைத் திறந்து க்ளவுஸ் டப்பாவை எடுத்தாள்.

அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"மூஞ்சிய வேணும்னா சுளிச்சுக்கோ. இது மட்டும் வேண்டாம்."

அவள் டப்பாவை வைத்துவிட்டு, வெறும் விரலால் பையின் ஓரத்தை உரித்தாள். குழாயைத் திறக்கவில்லை. மூக்கு, வாய், புருவம் எல்லாவற்றையும் கோணிக்கொண்டு, வெளிப்படையாக, அவர் கண்ணெதிரே முகத்தைச் சுளித்தாள். அந்தக் கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆடாதீங்க, கையில ஒட்டுது" என்று கத்தினாள் அவள்.

வெளியே நாத்தனார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.